ரோகிணியின் தளர்ந்த பிடி

ரோகிணியின் மேற்பரப்பில் ஒருவர் நிற்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே 60 கிலோ எடை காட்டுகிறவர் அங்கே ஏறக்குறைய 1 கிலோதான் காட்டுவார். நிலாவில்கூட அவர் 10 கிலோ தேறுவார். சூரியனைப்போல் 44 மடங்கு விட்டமும் 400 மடங்கு ஒளித்திறனும் உள்ள ஒரு விண்மீன், தன் மேற்பரப்பை நிலாவின் ஈர்ப்பில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டுதான் பிடித்து வைத்திருக்கிறது.

ரோகிணி போன்ற ஆரஞ்சுப் பெருவிண்மீன்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக அவற்றின் பருமனில் தொடங்கி நிறத்துக்குப் போவார்கள். இரண்டும் கவர்ச்சியான செய்திகள்தான். ஆனால் இந்த வகை விண்மீனின் இயல்புகளை ஒன்றோடொன்று கோத்துப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பிடிக்க வேண்டிய நூல் வேறு. அது மேற்பரப்பு ஈர்ப்பு. நிறமாலைக் கோடுகளின் அகலம், மேற்பரப்பின் மெதுவான அதிர்வு, வெளியே கசிந்துகொண்டிருக்கும் வாயு என எதை எடுத்தாலும் அதன் பின்னால் இந்தத் தளர்ந்த பிடி நிற்கிறது. அதை ஓர் அளவுகோலாக மாற்றிய இருவரில் ஒருவர் சென்னையில் பிறந்தவர்.

முதலில் விண்மீனை அடையாளம் காண்போம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருக்கின்றன. வான நடுக்கோட்டிலிருந்து ரோகிணி 16.5 பாகை வடக்கே இருக்கிறது. ஆகவே இந்த ஊர்களில் அது உச்சிக்கு மூன்றரைப் பாகை தள்ளித்தான் கடந்து போகும். பொங்கலை ஒட்டிய நாட்களில் இரவு 9 மணிக்கு மொட்டை மாடியில் தலையை முழுவதும் அண்ணாந்தால் போதும். நேர் மேலே இருக்கும். போகிப் புகை அடங்கிய பிறகு பார்ப்பது நல்லது. தொழிற்பேட்டை விளக்குகளும் நெடுஞ்சாலை விளக்குகளும் சேர்ந்து வெளுக்க வைத்த வானம் இது. ரோகிணியைச் சுற்றி வண்டி வடிவில் நிற்கும் சின்ன விண்மீன்கள் அதில் பெரும்பாலும் கரைந்துபோகும். ரோகிணி கரையாது. அதன் பொலிவெண் 0.86, சுற்றியுள்ளவற்றின் பொலிவெண் ஏறத்தாழ மூன்றரையும் அதற்கு மேலும்; எண் கூடக்கூட ஒளி மங்கும். பொலிவெண்ணில் ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக 100 மடங்கு என்று 1856இல் வகுத்தவர் நார்மன் போக்சன். அவர் 1861இல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, 1891இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். இன்று உலகம் முழுவதும் புழங்கும் அளவு அவருடையது.

இனி நிறம். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வெப்பப் பதப்படுத்தும் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு நிறமும் வெப்பமும் பிரிக்க முடியாதவை என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எஃகு 800 பாகை செல்சியஸ் அளவில் செந்நிறம் காட்டும். இன்னும் 150 பாகை ஏறினால் ஆரஞ்சுக்குத் திரும்பும். 1,200ஐத் தொடும்போது மஞ்சளாகும். விண்மீனுக்கும் இதே விதிதான், ஆனால் அளவு வேறு. ரோகிணியின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,900 கெல்வின். டங்ஸ்டன் உருகுவது 3,695 கெல்வினில். நம் வீடுகளில் எரிந்த பழைய குண்டு பல்பின் இழை 2,700 கெல்வின் அளவில்தான் இருந்தது. அதாவது ‘ஆரஞ்சு’ என்று பெயர் வாங்கிய இந்த விண்மீன் குண்டு பல்பைவிட வெண்மையானது. பக்கத்தில் இருக்கும் மற்ற விண்மீன்கள் நீலமாகவும் வெள்ளையாகவும் இருப்பதால்தான் நம் கண் இதை ஆரஞ்சு என்கிறது. சந்தேகம் இருந்தால் ரோகிணியையும் மிருகசீரிடத்தின் கீழே நீல வெண்மையாக எரியும் ரீகலையும் மாறி மாறிப் பாருங்கள். ரீகலின் வெப்பநிலை ஏறத்தாழ 12,000 கெல்வின்.

3,900 கெல்வினில் ஒரு பொருள் உமிழும் ஒளியின் உச்சம் 740 நானோமீட்டர் அருகே, நம் கண்ணின் செந்நிற எல்லையில் விழுகிறது. ரோகிணி வெளியிடும் ஆற்றலில் பெரும்பகுதி நமக்குத் தெரியாத அகச்சிவப்பில் போய்விடுகிறது. நாம் பார்ப்பது மிச்சத்தைத்தான்.

விட்டத்தை எப்படி அளந்தார்கள்? இங்கே நிலா உதவிக்கு வருகிறது. நிலா தன் பாதையில் ரோகிணியை அவ்வப்போது மறைத்துக்கொண்டு போகும். நிலாவும் ரோகிணியும் சேரும் நாளை மணநாளாகக் கொண்ட வழக்கம் நம் பழைய இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது; கோவலன் கண்ணகி திருமணத்தைச் சிலப்பதிகாரம் அப்படி ஒரு நாளில்தான் வைக்கிறது. வானியலாளர்களுக்கு அதே சேர்க்கை ஓர் அளவைக் கருவி. நிலாவின் விளிம்பு விண்மீனை மூடும்போது ஒளி சட்டென்று அணைவதில்லை. நொடியில் இருபதில் ஒரு பங்கு போன்ற நேரத்தில், அலை அலையாக ஏறி இறங்கி மறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை வேகமான ஒளிமானியில் பதிந்தால் விண்மீன் வானத்தில் எவ்வளவு அகலத்தை அடைக்கிறது என்று கணக்கிடலாம். ரோகிணிக்கு விடை சுமார் 0.02 வில்நொடி. நிலாவின் அகலத்தில் 90,000இல் ஒரு பங்கு. குறுக்கீட்டுமானிகளும் இதே அளவைத் தருகின்றன. தொலைவு 66 ஒளியாண்டு. இரண்டையும் பெருக்கினால் விட்டம் 6 கோடி கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சூரியனை எடுத்துவிட்டு ரோகிணியை அங்கே வைத்தால், அதன் விளிம்பு புதன் கோளின் பாதையில் பாதித் தூரத்தை எட்டும்.

பலரும் இங்கே நின்றுவிடுகிறார்கள். அடுத்த கேள்விதான் முக்கியம்: இத்தனை பெரிய உடம்பில் எவ்வளவு சரக்கு இருக்கிறது? 2018இல் வெளியான ஓர் ஆய்வு ரோகிணியின் அதிர்வுகளை வைத்து அதன் நிறையைச் சூரியனைப்போல் 1.16 மடங்கு என்று மதிப்பிட்டது. வயது 600 கோடி ஆண்டுகளுக்கு மேல். சூரியனைவிடச் சற்றே கூடுதலான பொருள், 85,000 மடங்கு கனஅளவில் பரந்து கிடக்கிறது. சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றின் அடர்த்தியில் அறுபதில் ஒரு பங்கு. ‘பெரு’ என்ற சொல் இங்கே பருமனைக் குறிக்கிறதே தவிரக் கனத்தை அல்ல. சித்திரை மாத நள்ளிரவில் நம் உச்சிக்கு அருகே வரும் சுவாதியும் இதே இனம்: 36.7 ஒளியாண்டுத் தொலைவு, 4,290 கெல்வின், சூரியனைப்போல் 25 மடங்கு ஆரம், நிறை சூரியனைவிடச் சிறிதே அதிகம்.

இப்படி ஏன் வீங்குகிறது? விண்மீனின் நடுவில் ஹைட்ரஜன் எரிந்து ஹீலியம் சேர்கிறது. ஹைட்ரஜன் தீர்ந்தபின் அந்த ஹீலியக் கருவில் எரிய எதுவும் இல்லை. அது ஒரே வெப்பநிலையில் கிடக்கும் சாம்பல் குவியல். அப்படிப்பட்ட கரு, தன்மேல் அழுத்தும் மொத்தப் பாரத்தையும் எந்த அளவுவரை தாங்கும்? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரும், பிரேசில் நாட்டு இயற்பியலாளர் மாரியோ ஷோன்பெர்க்கும் 1942இல் இதற்கு விடை கண்டார்கள்: விண்மீனின் மொத்த நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதைத் தாண்டினால் கரு சுருங்கத் தொடங்கும். வெள்ளைக் குறுமீனுக்குச் சந்திரசேகர் வகுத்த 1.4 சூரிய நிறை எல்லை அளவுக்கு இந்த எல்லை பாமர வாசகரிடம் பெயர் வாங்கவில்லை. ஆனால் விண்மீன்கள் எப்போது நடுவயதைக் கடக்கின்றன என்பதைத் தீர்மானிக்கும் எண் இதுதான். ரோகிணி போன்ற குறைந்த நிறை விண்மீனில் கதை கொஞ்சம் மாறும். அங்கே கரு மிக நெருக்கமாகி, எலெக்ட்ரான்களின் குவாண்டம் அழுத்தம் அதைத் தாங்கிக்கொள்கிறது. அந்த அழுத்தத்தின் கணக்கும் சந்திரசேகருக்கு நெருக்கமானதே. எப்படியானாலும் கரு சுருங்கச் சுருங்க, அதைச் சுற்றிய ஓட்டில் ஹைட்ரஜன் முன்னைவிட மூர்க்கமாக எரிகிறது. வெளி அடுக்குகள் விரிந்து குளிர்கின்றன. உள்ளே இறுக்கம், வெளியே தளர்வு. ரோகிணி இப்போது இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

விண்மீன்களை நிறமாலை வைத்து வகைப்படுத்துகிற அட்டவணையில் ரோகிணி கே5 வகை. ‘61 சிக்னி’ என்ற இரட்டை விண்மீனின் முதல் உறுப்பும் கே5தான். இரண்டும் ஆரஞ்சு, இரண்டின் வெப்பநிலையும் ஏறத்தாழ அருகருகே. ஆனால் 61 சிக்னி வெறும் 11.4 ஒளியாண்டில் இருந்தும் பொலிவெண் 5.2, நகரத்தில் கண்ணுக்கே தெரியாது. அதன் ஒளித்திறன் சூரியனில் 15 விழுக்காடு. ரோகிணியோ 400 மடங்கு. ஒரே எழுத்தும் ஒரே எண்ணும் பெற்ற இரண்டுக்கும் இடையே 2,500 மடங்குக்கு மேல் வித்தியாசம். தொலைவு தெரியாத ஒரு கே வகை விண்மீன் எதிரே வந்தால், அது பக்கத்தில் இருக்கும் குள்ளனா தூரத்தில் இருக்கும் பெருவிண்மீனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோணத்தை அளந்து தொலைவு காணும் முறை அந்தக் காலத்தில் மிக அருகில் உள்ளவற்றுக்கு மட்டுமே பலன் தந்தது. விடையை ஒளிக்குள்ளேயே தேட வேண்டியிருந்தது.

வேணு பாப்பு 1927இல் சென்னையில் பிறந்தவர். தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியதால் அங்கே வளர்ந்தார். 1949இல் ஹார்வர்டு சென்றார். சேர்ந்த ஆண்டிலேயே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். பிறகு கலிஃபோர்னியாவில், மவுண்ட் வில்சன், பாலோமார் வானாய்வகங்களில் ஓலின் வில்சனோடு சேர்ந்து ஒரு வேலையில் இறங்கினார். குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில், ஊதா நிறப் பகுதியில் 393.4 நானோமீட்டரில், அயனியாகிய கால்சியம் ஓர் அகலமான கரிய பட்டையை ஏற்படுத்தும். அதற்கும் கே கோடு என்றே பெயர்; விண்மீன் வகையைக் குறிக்கும் கே வேறு, இது வேறு. அந்தக் கரிய பள்ளத்தின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று எழுந்து நிற்கும். ஒளிமண்டலத்துக்கு மேலே உள்ள நிறமண்டலம் வெளியிடும் ஒளி அது. அந்தக் கீற்று எவ்வளவு பிரகாசம் என்பதில் ஒழுங்கு தெரியவில்லை. ஆனால் அதன் அகலத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. விண்மீனின் ஒளித்திறன் கூடக்கூட அகலமும் கூடியது. 185 விண்மீன்களின் பதிவுகளோடு 1957இல் இருவரும் இதை வெளியிட்டார்கள். மங்கலான குள்ளன்களிலிருந்து மிகப் பெரிய விண்மீன்கள்வரை, பொலிவெண்ணில் 15 படி இடைவெளி முழுவதும் ஒரே நேர்கோடு. இன்று பாடநூல்களில் இது வில்சன்-பாப்பு விளைவு.

கணக்காகச் சொன்னால், ஒளித்திறன் அந்த அகலத்தின் ஆறாவது அடுக்கைப்போல் ஏறுகிறது. அகலத்தை வாயுவின் வேகமாக மாற்றிச் சொல்வது வழக்கம். சூரியனில் அது நொடிக்கு 35 கிலோமீட்டரை ஒட்டி வரும். ரோகிணியைப் போன்ற ஒரு விண்மீனுக்கு இரு மடங்குக்கு மேல். ஒரு கோட்டின் அகலத்தை மட்டும் அளந்து, விண்மீனின் உண்மையான ஒளியைத் தெரிந்துகொண்டு, அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டால் தொலைவு கையில் கிடைத்துவிடும்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கான விளக்கம் பின்னால்தான் மெல்ல உருவானது. முழுதும் முடிந்த கதை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் சாரம் தெளிவு. மேற்பரப்பு ஈர்ப்பு குறையும்போது நிறமண்டலம் தடிமனாகிறது, அதில் கொந்தளிப்பும் கூடுகிறது. கோட்டின் அகலம் ஒளித்திறனைக் காட்டுவதுபோல் தோன்றினாலும், உண்மையில் அது காட்டுவது தளர்ந்த ஈர்ப்பைத்தான். வில்சனும் பாப்புவும் கண்ட நேர்கோடு ஓர் எடைத் தராசு.

கொடைக்கானல் வானாய்வகம் 1900களின் தொடக்கத்திலிருந்தே இதே கால்சியம் கே கோட்டில் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறது. 1960இல் அதன் இயக்குநராக வந்து சேர்ந்த பாப்பு, விண்மீன்களில் கண்ட விதியைச் சூரியனின் சிறு சிறு பகுதிகளில் வைத்துச் சோதிக்கும் வாய்ப்பைப் பெற்றார். சகாவான சிவராமனுடன் அவர் செய்த ஆய்வுகள் அந்தத் திசையில் முக்கியமானவை.

ரோகிணியைப் பற்றிய ஒரு பொதுவான தவறையும் இங்கே திருத்திவிடலாம். வண்டி வடிவில் அதைச் சூழ்ந்திருக்கும் விண்மீன்கள் அதன் உறவினர்கள் அல்ல. அவை ஹயாடிஸ் என்ற கொத்து. 150 ஒளியாண்டுக்கும் சற்று அப்பால் இருக்கின்றன. ரோகிணி நம் பார்வைக் கோட்டில் குறுக்கே வந்து நிற்கும் அயலார். ஆனால் அந்தக் கொத்துக்குள்ளேயே நான்கு பெருவிண்மீன்கள் உண்டு. கொத்தின் தொலைவு வேறு வழியில் தெரிந்திருந்ததால், வில்சன்-பாப்பு அளவுகோலின் தொடக்ககாலச் சரிபார்ப்புக்குச் சூரியனோடு இந்த நால்வரும்தான் உதவினார்கள். அம்பத்தூர் மாடியிலிருந்து அவற்றைக் காண ஒரு சாதாரண இருகண் நோக்கி போதும்.

பிடி தளர்ந்த மேற்பரப்பு மெதுவாகத்தான் ஆடும். சூரியனின் மேற்பரப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அதிர்கிறது. ரோகிணிக்கு ஓர் அதிர்வு முடிய ஏறத்தாழ ஐந்து நாள் ஆகிறது. 2018இன் நிறைக் கணக்கு இந்த ஆட்டத்தைக் கேட்டுத்தான் போடப்பட்டது. இதே ஆட்டம் ஏமாற்றவும் செய்யும். 2015இல், 629 நாள் சுழற்சி ஒன்றை வைத்து ரோகிணியைச் சுற்றி வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று இருப்பதாக ஒரு குழு அறிவித்தது. நான்காண்டுக்குப் பின் கூடுதல் தரவுகளோடு வந்த மற்றொரு குழு அதை மறுத்தது. பெருவிண்மீன்களின் நீண்ட காலத் துடிப்புகள் கோளின் இழுப்பைப்போல வேடம் போட முடியும். என் கணிப்பில் மறுப்புக்கே பலம் அதிகம். இணையத்தில் இன்னும் உலவும் ‘ரோகிணியின் கோள்’ செய்திகளை நம்பாமல் இருப்பது நல்லது. புனர்பூசத்தின் பொலக்ஸ் விஷயம் வேறு. அதுவும் ஓர் ஆரஞ்சுப் பெருவிண்மீன்தான், ஆனால் 9 மடங்கு ஆரமே கொண்டது, பிடி இன்னும் இறுக்கமானது. அதன் கோள் 2006இல் உறுதியானதாக அறிவிக்கப்பட்டது.

தளர்ந்த மேற்பரப்பிலிருந்து வாயு கசிந்து வெளியேறவும் செய்கிறது. சூரியன் இழப்பதைவிடப் பல நூறு மடங்கு வேகத்தில் ரோகிணி தன்னை இழந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் அவசரமில்லை. மையத்தில் வெப்பம் 10 கோடி கெல்வினைத் தொடும் நாளில் ஹீலியம் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். அதன் பிறகு விண்மீன் சுருங்கி, சில காலம் அமைதியாக ஹீலியத்தை எரிக்கும்.

அந்தக் கட்டத்தைப் பற்றிய ஒரு புதிரில் நம் மலைக்குப் பங்கு உண்டு. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் வாணியம்பாடி. அங்கிருந்து ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலைமேல் காவலூர். தென்வானமும் தெரிகிற இடம் வேண்டும் என்று பாப்பு தேடிப் பிடித்த காடு அது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அவர் பெயரைப் பெற்றது. 1982இல் அவர் காலமாகிவிட்டார். புதிர் லித்தியம் பற்றியது. லித்தியம் விண்மீனின் சூட்டில் எளிதில் அழியும் தனிமம். பெருவிண்மீனாக விரியும்போது மேற்பரப்பு வாயு அடியாழத்தோடு கலந்து, லித்தியம் ஏறக்குறைய காணாமல் போக வேண்டும். ஆனால் 1982இலேயே வாலர்ஸ்டைனும் ஸ்னெடனும் லித்தியம் நிறைந்த ஒரு கே வகைப் பெருவிண்மீனைக் கண்டுபிடித்திருந்தார்கள். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த பாரத் குமாரும் ஈஸ்வர் ரெட்டியும், அவர்களோடு டேவிட் லாம்பர்ட்டும், காவலூர், ஹான்லே தொலைநோக்கிகளால் சுமார் 2,000 கே வகைப் பெருவிண்மீன்களைத் தேடினார்கள். 2011இல் அவர்கள் சொன்னது: லித்தியம் மிகுந்தவை கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை, ஹீலியம் எரியத் தொடங்கிய கட்டத்தில் குவிகின்றன. 2020இல் ஆஸ்திரேலியாவின் பெரிய நிறமாலைத் தொகுப்பைக் கொண்டு, சூரியனைப் போன்ற குறைந்த நிறை விண்மீன்கள் அனைத்திலுமே அந்தக் கட்டத்தில் லித்தியம் சுமார் 40 மடங்கு கூடியிருப்பதாக குமார், ரெட்டி குழு காட்டியது. அதாவது விதிவிலக்கு என்று நினைத்தது விதி. எப்படி உண்டாகிறது என்பதில் கோட்பாட்டாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ரோகிணி அந்தக் கட்டத்தை இன்னும் அடையவில்லை, சுவாதியும் அடையவில்லை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். தையில் ரோகிணி, சித்திரையில் சுவாதி. இரண்டுக்கும் தொலைநோக்கி வேண்டாம், தெரு விளக்கு நேராகக் கண்ணில் படாத ஒரு மாடி போதும். நிலா ரோகிணியை மறைக்கும் தொடர் 2015இல் தொடங்கி 2018இல் முடிந்தது. ஏறத்தாழ பதினெட்டரை ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் அந்தத் தொடர் அடுத்து 2033இல் தொடங்கும்.